நடுச்சுவர்

கண்ணாடி உடைந்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும் சகாயசெல்வி முதலில் நிம்மதியாகத்தான் மூச்சு விட்டாள். போன வாரம் தங்கை வீட்டு நடுச்சுவரில் ஓடிய விரிசலுக்குக் குறுக்கே, விரல் அகலத்தில் நறுக்கிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சாந்து அப்பி ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி பட்டென்று இரண்டாகிவிடும். வளராவிட்டால் வைத்தபடி இருக்கும். எத்தனையோ கட்டடங்களில் செய்து பார்த்த எளிய சோதனை. இங்கே கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் கண்ணாடிக்கு அடியில் விரிசலும் இல்லை.

அது நான்கு விரற்கடை தள்ளி, படுக்கையறைக் கதவின் பக்கமாகப் போயிருந்தது. அதே நீளம், அதே வளைவு. பழைய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பார்த்தாள். வெளிர்பச்சை டிஸ்டெம்பர் வழவழவென்று இருந்தது. யாரும் பட்டி வைத்து மறைத்திருந்தால் அவள் விரலுக்கு உடனே தெரிந்திருக்கும். யாரும் மறைக்கவில்லை. அந்த இடத்தில் எந்தக் காலத்திலும் விரிசலே இருந்ததில்லை என்பதுபோல் சுவர் முழுசாக இருந்தது.

"ரெபேக்கா, இந்தச் செவுத்துல யாராச்சும் கைய வெச்சாங்களா?"

அடுப்படியிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "யாருக்கா வருவா இங்க? நானும் அந்தச் செவுரும்தான்."

சகாயசெல்வி கட்டடப் பொறியாளர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. விரிசல் விட்ட கட்டடங்களைப் பார்த்து, இது மேல்பூச்சோடு நிற்கிற கீறலா, அஸ்திவாரம் வரைக்கும் போகிற கோளாறா என்று சொல்வது அவள் தொழில். 'தானே' புயல் அடித்து ஓய்ந்திருந்த அந்தத் தை மாதம் அவளுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. கூரை பறந்த பள்ளிக்கூடம், மரம் சாய்ந்த சத்திரம், தண்ணீர்த் தொட்டி பெயர்ந்து விழுந்த மாடி வீடு என்று சுத்தியலும் டார்ச்சுமாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தாள். அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் சிதம்பரம் கனகசபை நகரிலிருந்து ரெபேக்கா கூப்பிட்டாள். "செவுத்துல விரிசல் வுட்டுருக்குக்கா. என்னமோ பயமா இருக்கு. வந்து பாரேன்."

செல்விக்கு இருந்தது ரெபேக்கா ஒருத்திதான். தேவனாம்பட்டினத்து வீட்டையும் அப்பா அம்மாவையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோனபோது ரெபேக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவளைப் படிக்கவைத்து, மரியலூர்து என்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்தது வரை எல்லாம் செல்விதான். மரியலூர்து மஸ்கட்டில் வேலை பார்த்தான். ரெபேக்கா சிதம்பரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்துகொண்டு, இந்த வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தாள். மாடி பூட்டிக் கிடந்தது.

போன வாரம் வந்தபோதே அந்த விரிசல் செல்விக்குப் பிடிபடவில்லை. அஸ்திவாரம் இறங்கினால் விரிசல் படிக்கட்டுபோல் சாய்ந்து ஏறும். பாரம் தாளாவிட்டால் கதவுக்கு மேலே இருக்கிற லின்டல் மூலையில் பிடித்துக்கொண்டு மேலே போகும். இது நெட்டாக, ஆள் உயரத்துக்கு, இரண்டு முனையிலும் ஒட்டி, நடுவில் மட்டும் லேசாக விரிந்திருந்தது. பூச்சின் விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்திருந்தது, உள்ளிருந்து எதுவோ தள்ளினாற்போல. மூக்கை அருகில் கொண்டுபோனாள். வழக்கமாக வருகிற ஈரச் சுண்ணாம்பு வாடை இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தவர்களின் தலைமுடியில் வரும் எண்ணெய் வாடை. அதோடு மெலிதான ஒரு சூடு.

அது பின்பக்கச் சமையல் சூடாக இருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

இப்போது ரெபேக்கா டீயோடு வந்தாள். கொடுத்துவிட்டு, நாற்காலி காலியாக இருக்கும்போதே, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். விரிசல் அவள் தோளுக்குப் பின்னால் போய் மறைந்தது.

"அங்க ஏண்டி உக்கார்ற? பூச்சு எதுனா பேந்து வுழும்."

"இங்க உக்காந்தா குளுராதுக்கா. கட்டிலக்கூட அந்தப் பக்கம் இந்தச் செவுத்தோட ஒட்டிப் போட்டுட்டன். கதகதன்னு இருக்கு." பிறகு வெட்கப்பட்டவள்போல் சிரித்தாள். "காத வெச்சா மூச்சு வுடுற மாதிரி கேக்குது. நான் வுட்டா அதுவும் வுடுது. நான் நிறுத்துனா அதுவும் நிறுத்திடுது."

செல்வி டீயைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்தாள். தெருவில் ஒரு மொபெட் போன சத்தம், எங்கோ மரம் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல், தன் ரத்தம் காதுக்குள் ஓடும் சத்தம். வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் கன்னத்தில் பட்ட சுவர் சூடாக இருந்தது. மதிய வெயில் எட்டாத உள்சுவர் அது. எழுந்துகொள்ளத் தங்கைக்குக் கைகொடுத்தபோது, அந்தக் கை ஐஸ்போல் இருந்தது.

செல்வி தன் பையிலிருந்து பென்சிலை எடுத்து, விரிசல் போன வழியெல்லாம் அதன் ஓரமாகவே மேலிருந்து கீழ்வரை கோடு இழுத்தாள். பிறகு பக்கத்துத் தெருவில் இருந்த வீட்டுக்காரர் சுப்பிரமணியனைப் போய்க் கூட்டிவந்தாள். அவர் ரிட்டயர்டு ஆனவர். நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு சுவரைக் கிட்டத்தில் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார்.

"பென்சில் கோடுதான் இருக்கு. விரிசல் எங்கம்மா?"

செல்வியும் பார்த்தாள். நெட்டாக ஒரு பென்சில் கோடு. அதன் இரண்டு பக்கமும் வழவழவென்று வெளிர்பச்சை. சுவருக்கு முன்னால் ரெபேக்கா கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். யாரைப் பார்த்து என்று சொல்ல முடியாதபடி புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சு சார். இப்ப இருந்துச்சு."

"இருந்துருக்கும், இருந்துருக்கும்." அவர் குரலைத் தணித்தார். "புயல்ல எல்லாருக்கும்தான் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீ கடலூர்லருந்து அலைஞ்சிட்டு வர்ற. கொஞ்சம் ரெஸ்ட் எடும்மா."

அவர் போன பிறகு செல்வி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். என்னோடு கடலூருக்கு வந்துவிடு, காரணம் கேட்காதே என்றாள். ரெபேக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, சனிக்கிழமை வருகிறேன் என்றாள். பேருந்துக்குக் கிளம்பும்போது செல்வி அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். உதட்டில் மாவுபோல் எதுவோ ஒட்டியது. கோலமாவாக இருக்கும் என்று துடைத்துக்கொண்டவள், தெருமுனை திரும்பும்போது நின்றுவிட்டாள். ரெபேக்காவுக்குக் கோலம் போடுகிற பழக்கமில்லை. திரும்பிப் போகலாமா என்று நினைத்தாள். பேருந்து வந்துவிட்டது. ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் போன் செய்தாள். ரெபேக்கா ஒவ்வொரு நாளும் எடுத்தாள். சாப்பிட்டேன் என்றாள், தூங்கினேன் என்றாள். ஆனால் நாளுக்கு நாள் வார்த்தைகள் குறைந்தன. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு இடைவெளி வந்து விழுந்தது. அந்த இடைவெளியில் மணலைச் சல்லடையில் சலிப்பதுபோல் சன்னமான சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லா இருக்கு. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்றால் நல்லா இருக்கு. மரியலூர்து எப்போது வருகிறான் என்றாலும் நல்லா இருக்கு.

வெள்ளிக்கிழமை செல்வி திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனசு கேட்காமல் தங்கைக்குப் போன் போட்டாள். உடனே எடுத்தாள்.

"நல்லாருக்கன்க்கா," என்றது ரெபேக்காவின் குரல். செல்வி இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை.

"ஸ்கூலுக்குப் போவலியா நீ?"

மணல் சலிக்கும் சத்தம். அதற்குப் பின்னால், தூரத்தில், கனமான போர்வைக்கு அடியிலிருந்து கத்துவதுபோல் இன்னொரு குரல் கேட்டது.

"அக்கா! அக்கா!"

அதுவும் ரெபேக்காவின் குரல்.

"நல்லாருக்கன்க்கா," என்றது பக்கத்துக் குரல். போன் அணைந்தது.

செல்வி பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். பேருந்தில் உட்கார்ந்ததும் சுப்பிரமணியனைக் கூப்பிட்டு, சார், உடனே போய்ப் பாருங்கள், என் தங்கையை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். "பாத்துட்டன்மா. வாசப்படில உக்காந்துனு இருக்கு. பேசுனன், சிரிச்சுது. நீ பதறாம வா." மஸ்கட்டுக்குக் கூப்பிட்டாள். "நேத்துகூடப் பேசுனன்க்கா, நல்லாதான் பேசுனா," என்றான் மரியலூர்து. "கொஞ்சம் கம்மியா பேசுறா, அவ்ளோதான். தனியா இருக்கா இல்ல." அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. எதைச் சொல்லிக் கத்துவது? விரிசல் நகர்கிறது என்றா? சாலையின் இரண்டு பக்கமும் புயலில் விழுந்த முந்திரியும் பலாவும் வேர்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தன. பேருந்து அவற்றுக்கு நடுவே ஊர்ந்தது. ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கம்பம் நடுகிறார்கள் என்று வெகுநேரம் நிறுத்திவைத்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, அறிந்த ஜெபங்களையெல்லாம் பாதியில் தொடங்கிப் பாதியில் விட்டாள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. சிதம்பரத்தில் இறங்கும்போது தெருவில் விளக்கு இல்லை. கரண்ட் போயிருந்தது.

கனகசபை நகரில் வீடுகளுக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சம் அங்கொன்றும் இங்கொன்றுமாக அசைந்தது. யாரோ வாசலில் கொசு விரட்டியபடி மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கோ குழம்பு தாளிக்கும் வாசனை. எல்லாம் சாதாரணமாக இருந்தது. ரெபேக்காவின் வீட்டில் மட்டும் வெளிச்சம் இல்லை.

வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் கையை வைத்து, நிமிர்ந்து, அசையாமல்.

"ரெபேக்கா?"

"வாக்கா."

செல்வி அவள் தோளைத் தொட்டாள். நைட்டித் துணிக்கு அடியில் தோள் கெட்டியாக, சொரசொரவென்று இருந்தது. அவளைச் சுற்றி மூன்று கொசுவர்த்தி ஏற்றும் அளவுக்குக் கொசு மொய்த்தது. ஒன்றுகூட அவள்மேல் உட்காரவில்லை.

"எழுந்திரு. கடலூருக்குப் போறோம். இப்பவே. ஒண்ணும் எடுக்க வேணாம்."

"போலாம்க்கா," என்று அவள் எழுந்தாள்.

இத்தனை சுலபமாக வருவாள் என்று செல்வி நினைக்கவில்லை. கையைப் பிடித்துத் தெருக்கேட்டுப் பக்கம் இழுத்தாள். நடக்க நடக்க அந்தக் கை கனத்தது. சிமெண்ட் மூட்டையைச் சாய்த்துச் சாய்த்து நகர்த்துவதுபோல் இருந்தது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் பாதத்துக்கு அடியில் ஏதோ நொறுங்குகிற சத்தம். கேட்டைத் திறந்து தெருவில் கால் வைத்தபோது, வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது.

"அக்கா, என்ன வுட்டுட்டுப் போவாதக்கா! நான் இங்க இருக்கன்!"

செல்வி பக்கத்தில் நின்றவளின் முகத்தைப் பார்த்தாள்.

வாய் மூடியிருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் இமைக்கவேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கையை உதறினாள். அந்த விரல்கள் தடுக்கவில்லை. உள்ளே ஓடினாள்.

வீட்டுக்குள் இருட்டு. நாற்காலியில் இடித்துக்கொண்டாள். செல்போன் முனையில் இருந்த டார்ச்சை அழுத்தினாள். சின்ன வட்ட வெளிச்சம் தரையில் ஓடி, மாதா படத்தில் ஏறி, நடுச்சுவரில் நின்றது. விரிசல் திரும்ப வந்திருந்தது. தரையிலிருந்து கூரை வரை. நடுவில் உள்ளங்கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளிருந்து சூடாகக் காற்று வந்தது, போனது. வந்தது, போனது. தலைமுடி எண்ணெய் வாடை அறை முழுக்க நிறைந்திருந்தது.

"ரெபேக்கா?"

"அக்கா." அழுகை. "அக்கா, வந்துட்டியா. அசைய முடியலக்கா. மூச்சு முட்டுது."

ஒன்பது அங்குலச் சுவர். அதற்குள் ஒரு பூனைகூட ஒளிய இடமில்லை. அவளுக்கு அது தெரியும். அவளைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது. டார்ச்சைப் பிளவுக்குள் காட்டினாள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில், கலவை இருக்க வேண்டிய இடத்தில், ஈரமாக ஒன்று மின்னியது.

கண்.

வெளிச்சம் பட்டதும் இமைத்தது. கண்ணீர் வழிந்தது. ரெபேக்காவின் கண்.

"பயப்படாத. நான் எடுத்துர்றன். அக்கா எடுத்துர்றன்." தன் குரல் தனக்கே கேட்கவில்லை. பையைக் கவிழ்த்தாள். சுத்தியலும் உளியும் தரையில் விழுந்தன. சுத்தியலை எடுத்து ஓங்கியவள் ஓங்கிய கையோடு நின்றாள். இந்தச் சுவர்தான் மாடியைத் தாங்குகிறது. சவுக்குக் கட்டை வைத்து முட்டுக்கொடுக்காமல் இதில் ஒரு செங்கல்லைக்கூட உருவக் கூடாது. உருவினால் கூரை இறங்கும். அவள் தலையில், தங்கை தலையில். ஆட்களைக் கூப்பிட வேண்டும். யாரைக் கூப்பிடுவது? வந்து டார்ச் அடித்தால் வழவழவென்று வெளிர்பச்சைதான் தெரியும். தங்கை தெருக்கேட்டின் அருகே நின்று சிரித்துக்கொண்டிருப்பாள்.

"சார்! யாராச்சும் வாங்களேன்! யாராச்சும்!"

தெருவில் மின்வாரியத்தைத் திட்டுகிற குரல் நிற்கவில்லை. யாரும் வரவில்லை.

"அக்கா, இது மூடுது," என்றது சுவர்.

மூடிக்கொண்டிருந்தது. மேல்முனை ஒட்டியது. கீழ்முனை ஒட்டியது. அவள் கண்முன்னால் பூச்சு பூச்சோடு சேர்ந்தது, தழும்புகூட இல்லாமல்.

கூரை இறங்கினால் இறங்கட்டும். உளியை விளிம்பில் வைத்து ஓங்கி அடித்தாள்.

சுவருக்குள் ரெபேக்கா அலறினாள்.

பூச்சு ஒரு கையளவு உதிர்ந்தது. அடியில் செங்கல். செங்கல்லில் உளி பட்ட இடத்தில் கறுப்பாக எதுவோ ஊறியது. வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனாள். கறுப்பு இல்லை. சிவப்பு. அது செங்கல்லிலிருந்து வழிந்து, பென்சில் கோட்டைத் தாண்டி, தரைக்கு இறங்கியது.

"அடிக்காதக்கா. வலிக்குது. அடிக்காத."

சுத்தியல் கையிலிருந்து நழுவியது.

உடைத்தால் தங்கை சாவாள். உடைக்காவிட்டால் மூடிக்கொள்ளும். அவள் கற்ற எதுவும், இத்தனை வருடம் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்த எதுவும் அவளுக்கு ஒரு வழியும் காட்டவில்லை. தரையில் மண்டியிட்டு, மிச்சமிருந்த பிளவுக்குள் கையை விட்டாள். கை இருக்கிறவரை மூட முடியாது என்று நினைத்தாளா, தங்கையைத் தொட வேண்டும் என்றுதான் நினைத்தாளா, அவளுக்கே தெரியாது. விரல்கள் பட்டன. ஐந்து விரல்கள். ஈரமாக, சூடாக, நடுங்கிக்கொண்டு. அவை அவள் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டன.

"புடிச்சிட்டன். புடிச்சிட்டன்டி. வுடமாட்டன்."

"வுடாதக்கா."

"மாட்டன்."

பிளவு மணிக்கட்டைக் கவ்வியது. வலித்தது. எலும்பு நெரிபடுவதுபோல் வலித்தது. அவள் கையை எடுக்கவில்லை. கன்னத்தைச் சுவரோடு வைத்து, பேசிக்கொண்டேயிருந்தாள். காலையில் ஆட்கள் வருவார்கள், முட்டுக்கொடுத்து மெதுவாக எடுப்போம், மரியலூர்து வந்துவிடுவான், கடலூருக்கே போய்விடலாம், இனிமேல் உன்னைத் தனியாக விடமாட்டேன். சுவருக்குள் அழுகை மெலிந்தது. மூச்சு மெலிந்தது. செல்வி தன் மூச்சை நிறுத்தினாள். அதுவும் நிறுத்தியது.

"ரெபேக்கா?"

பிளவுக்குள் பிடித்திருந்த விரல்களை உலுக்கினாள்.

"ரெபேக்கா. ஏய். பேசுடி."

வாசலில் ஏதோ நொறுங்குகிற சத்தம். ஒரு அடி. இன்னொரு அடி. கூடத்துத் தரையில் கனமாக, நிதானமாக. தலையைத் திருப்ப முடிந்த அளவுக்குத் திருப்பி, இடது கையிலிருந்த செல்போனை உயர்த்தினாள்.

நைட்டி. தொங்கும் கைகள். ரெபேக்காவின் முகம், அதே புன்னகையோடு. நெற்றியில், அவள் முத்தம் கொடுத்த இடத்தில், மயிரிழைபோல் ஒரு கோடு தொடங்கியது. புருவத்தைப் பிளந்துகொண்டு இறங்கியது. கன்னத்தில் வளைந்தது. தாடையில் வந்து நின்றது. ரத்தம் வரவில்லை. வெள்ளையாகக் கொஞ்சம் தூள் உதிர்ந்து, நைட்டியின் மார்பில் விழுந்தது. புன்னகை விரிந்தபோது அந்தக் கோடும் விரிந்தது.

உள்ளே செங்கல். வரிசை வரிசையாக, கலவை பூசி, சீராக அடுக்கிய சிவப்புச் செங்கல்.

"வாக்கா," என்றது தங்கையின் குரல், கனிவாக. "ஊருக்குப் போலாம்."

சுவருக்குள் ஐந்து விரல்கள் அவள் விரல்களை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. அவை குளிர்ந்துகொண்டிருந்தன. கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தன. இப்போது அவற்றின்மேல் சொரசொரவென்று மணல் இருந்தது.